புதுப்பிப்பு: தோவாளைப் பூக்கடைத் தளத்தில் வெப்பி படங்கள் வந்துவிட்டன

தோவாளைப் பூக்கடைக்காகச் சொந்த சர்வரில் நடத்தும் வேர்ட்பிரஸ் தளத்தில், பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) படங்களை வெப்பியாக (WebP, அளவு குறைந்த பட வடிவம்) மாற்றியும் பிரவுசருக்கு வழக்கமான ஜேபெக்கே (JPEG) போகிறது, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. பிளகின் தன் விதிகளை எச்டிஅக்சஸ் (.htaccess) என்ற அமைப்புக் கோப்பில் எழுதுகிறது. அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருள் அதைப் படிக்கும். எங்களிடம் ஓடும் என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வேறொரு சர்வர் மென்பொருள் அதைத் திரும்பியும் பார்க்காது. அதனால் என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கிலேயே விதியை எழுதினேன்: எந்த வடிவங்களை ஏற்கும் என்று பிரவுசர் சொல்லி அனுப்பும் அக்செப்ட் ஹெடரில் வெப்பி இருந்தால் அந்தக் கோப்பு, இல்லாவிட்டால் ஜேபெக். பிரவுசரின் அக்செப்ட் ஹெடரைப் பொறுத்து பதில் மாறும் என்று சொல்லும் வேரி ஹெடரையும் கட்டாயம் சேருங்கள். இல்லையென்றால் இடையிலுள்ள கேஷ் (படங்களின் நகலைச் சேமித்து வைத்துத் தரும் இடம்) பழைய பிரவுசருக்கும் வெப்பியை நீட்டிவிடும். அப்புறம் என்ஜின்எக்ஸ் ரீலோட், கேஷ் காலி, அவ்வளவுதான். பிச்சி, அரளிப் படங்கள் இப்போது போனில் சட்டென்று திறக்கின்றன. எச்டிஅக்சஸைப் பாருங்கள் என்று சொன்ன நாகர்கோவில் அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. பிளகினில் உள்ள, மூல ஜேபெக் படங்களை அழிக்கும் ஆப்ஷனை மட்டும் யாரும் தொடாதீர்கள்.