பார்க்கிங்லயே நிக்கி கார்: ‘சாஸ்தா துணை’ வாட்ஸ்அப் குரூப்பு, பங்குனி உத்திரத்துக்கு முந்தின ராத்திரி

இரவு 7.48

இசக்கி: எல்லாருக்கும் ஒரு விஷயம். கார் ஸ்டார்ட் ஆகல. ஆச்சிய நாளைக்கு கோயிலுக்கு எதுல கூட்டிட்டு போக

செல்வி சித்தி: ஐயோ

செல்வி சித்தி: இப்பமா சொல்லுத

கார்த்தி: என்னாச்சுல

இசக்கி: பூ வாங்க டவுனுக்கு போவலாம்னு ஏறுனேன். சாவியே திரும்ப மாட்டேங்கு, ஸ்டியரிங்கும் அசையல

சங்கரன் பெரியப்பா: பயப்படாத. நிறுத்தும்போது சக்கரத்த ஒடிச்சு விட்டுருப்ப, ஸ்டியரிங் லாக்கு பின்னு இறுகிருக்கும். ஒரு கையால ஸ்டியரிங்க இடமும் வலமும் ஆட்டிக்கிட்டே மறு கையால சாவிய மெதுவா திருப்பு, பலவந்தம் பண்ணாத, சாவி உள்ள முறிஞ்சா அது தனி செலவு. அதுக்கும் மசியலன்னா ஸ்பேர் சாவிய போட்டு பாரு, தினம் எடுக்க சாவி பல்லு தேஞ்சு போயிருக்கும். தேங்கா எண்ணெய மட்டும் ஊத்திராத, தூசி ஒட்டி பிசுபிசுன்னு ஆயிரும், அந்த ஓட்டைக்கு கிராஃபைட் பவுடர்தான் போடணும்

பேச்சி அத்தை: காலைல எத்தன மணிக்கு கிளம்புதோம்

இசக்கி: திரும்பிட்டு பெரியப்பா 🙏

செல்வி சித்தி: சாஸ்தா இருக்காரு

இசக்கி: ஆனா ஸ்டார்ட் ஆகல. டிக் டிக் டிக்குங்கு, டேஷ்போர்டு லைட்டெல்லாம் மங்கி மங்கி எரியுது

கார்த்தி: நாலு பேர வச்சு தள்ளி ஸ்டார்ட் பண்ணு

சங்கரன் பெரியப்பா: ஏல கார்த்தி, அது ஆட்டோமேட்டிக் வண்டி. தள்ளுனா ஸ்டார்ட் ஆகாது. பெங்களூர்ல இருந்துக்கிட்டு யோசன சொல்லாத

கார்த்தி: சரி பெரியப்பா

சங்கரன் பெரியப்பா: இசக்கி கேளு. சாவிய திருப்புனா ஒரே ஒரு டக்குன்னு கேட்டு நின்னா ஸ்டார்டர் பக்கம் கோளாறு. சத்தமே இல்ல, ஆனா லைட்டு நல்லா எரியுதுன்னா கியர் ஸ்விட்ச்சு, அதாவது வண்டி பார்க்கிங்லயோ நியூட்ரல்லயோ இருக்குன்னு சொல்லுத ஸ்விட்ச்சு, அது சரியில்லன்னா ஸ்டார்டருக்கே கரண்ட் போவாது, அப்ப நியூட்ரல்ல தள்ளி அடிச்சு பாக்கணும். படபடன்னு டிக் டிக் கேக்குது லைட்டும் மங்குதுன்னா பாட்டரி இல்லன்னா டெர்மினல். பானெட்ட தொறந்து பாட்டரி தலையில வெள்ளையா பச்சையா பூத்துருக்கான்னு பாரு

இசக்கி: கொஞ்சம் பூத்துருக்கு

முத்து மாமா: பாட்டரி போன வருசம்தான மாத்துன

மீனா: அதான் நானும் கேக்கேன். புது பாட்டரி எப்படி ஒக்காரும்

இசக்கி: எதுத்த வீட்டு சார் மீட்டர் வச்சிருக்காவ. 11.6 வோல்ட் காட்டுது

சங்கரன் பெரியப்பா: நல்ல பாட்டரி சும்மா நிக்கும்போது 12.6 இருக்கணும். 12.2 வந்தாலே பாதிதான். 11.6னா காலி. எதுவோ ராத்திரியெல்லாம் குடிக்கி. சரி முதல்ல எழுப்புவோம். அவாள்ட்ட ஜம்பர் வயர் இருக்கா

இசக்கி: இருக்காம்

சங்கரன் பெரியப்பா: செவப்பு ஒரு முனை உன் பாட்டரி ப்ளஸ்ல, மறு முனை அவாள் பாட்டரி ப்ளஸ்ல. கருப்பு அவாள் மைனஸ்ல, கடைசி முனைய உன் பாட்டரி மேல மாட்டாத, எஞ்சின்ல பெயிண்ட் இல்லாத இரும்புல மாட்டு. பாட்டரிகிட்ட பொறி பறந்தா அங்கன கேஸ் இருக்கும், வெடிச்சிரும். டிப்போல ஒரு பயலுக்கு புருவமே போச்சு. முதல்ல பாட்டு செட்டு, ஏசி எல்லாம் ஆஃப் பண்ணு

இசக்கி: செட்டு ஆஃப் ஆக மாட்டேங்கு

சங்கரன் பெரியப்பா: என்னது

இசக்கி: சாவிய எடுத்தாலும் செட்டு லைட்டு எரிஞ்சிக்கிட்டேதான் கெடக்கும். முத்து மாமா மாட்டித் தந்ததுல இருந்து அப்படித்தான்

(முத்து மாமா இந்த செய்தியை அழித்துவிட்டார்)

நெல்லையப்பன் அத்தான்: 😂😂

பேச்சி அத்தை: வேன் எத்தன மணிக்குன்னு யாராவது சொல்லுங்கப்பா

முத்து மாமா: கடைக்காரன் நல்லாத்தான் மாட்டுனான். சாவி இல்லாமலும் பாட்டு கேக்கலாம்னு ஒரு வசதிக்குத்தான் சொன்னேன். ஆச்சி கோயில்ல வண்டிக்குள்ள இருந்து பாட்டு கேக்கணும்னு சொன்னாவல்லா

மீனா: ஆச்சி எப்ப சொன்னாவ

சங்கரன் பெரியப்பா: விளங்கிட்டு. செட்டுக்கு பின்னால மஞ்சள், செவப்பு, கருப்புன்னு மூணு வயர் முக்கியம். மஞ்சள் எப்பவும் கரண்ட் வாரது, மணி, ஸ்டேஷன் எல்லாம் ஞாபகம் வச்சுக்கிட அதுதான். செவப்பு சாவிய திருப்புனாத்தான் வரணும். கருப்பு எர்த்து. உங்காளு செவப்பையும் மஞ்சளையும் சேத்து முறுக்கி டேப்ப சுத்திருப்பான். அப்ப செட்டு தூங்கவே தூங்காது, பாட்டரிய குடிச்சுக்கிட்டே இருக்கும். சில பேரு ரெண்டையும் மாத்தி மாட்டுவான், அதுல சாவிய எடுத்ததும் மணியும் ஸ்டேஷனும் அழிஞ்சு போவும். இது அந்த கேஸ் இல்ல, இது வசதி கேஸ்

கார்த்தி: வசதி கேஸ் 😂

நெல்லையப்பன் அத்தான்: கல்யாணத்துக்கு ஜெனரேட்டர் ஏற்பாடு பண்ணதும் மாமாதான்

மீனா: அத்தான் அத எடுக்காதீங்க

முத்து மாமா: ஜெனரேட்டர்ல டீசல் ஊத்த சொன்னது யார்ட்டன்னு எல்லாருக்கும் தெரியும். நான் பேசல

செல்வி சித்தி: தாலி கட்டும்போது இருட்டுல கெட்டிமேளம் கேட்டது எங்களுக்கு மட்டும்தான் தெரியும் 🤣

இரவு 8.25

இசக்கி: ஸ்டார்ட் ஆயிட்டு!!!

பேச்சி அத்தை: 🙏🙏🙏

இசக்கி: ஓடும்போது மீட்டர்ல 14.1

சங்கரன் பெரியப்பா: அப்ப ஆல்டர்னேட்டர் நல்லாருக்கு, சார்ஜ் ஏறுது. ஆஃப் பண்ணிராத

இசக்கி: ஆனா கியர் பார்க்கிங்ல இருந்து வெளிய வர மாட்டேங்கு

செல்வி சித்தி: இன்னும் என்ன

முத்து மாமா: அது செட்டுனால இல்ல

சங்கரன் பெரியப்பா: யாரும் சொல்லலயே வே. இசக்கி பிரேக்க மிதிச்சுக்கிட்டு லிவர் பக்கத்துல காத வை. டிக்குன்னு ஒரு சத்தம் வருதா

இசக்கி: இல்ல

சங்கரன் பெரியப்பா: மீனாவ பின்னால போய் நிக்கச் சொல்லு, பிரேக் லைட்டு எரியுதான்னு பாக்கட்டும்

இசக்கி: எரியல. காம்பவுண்டு செவருல செவப்பே விழல

சங்கரன் பெரியப்பா: ஹார்ன் அடி

இசக்கி: அடிக்கல!! எப்படி பெரியப்பா கண்டுபிடிச்சிய

சங்கரன் பெரியப்பா: சில வண்டில ஹார்னுக்கும் ஸ்டாப் லைட்டுக்கும் ஒரே ப்யூஸ். வெவரம் சொல்லுதேன். ஆட்டோமேட்டிக்ல பிரேக்க மிதிச்சாத்தான் பார்க்கிங்க விட்டு லிவர் நகரும், பிள்ளைய எதையாவது இழுத்து வண்டி ஓடிரக் கூடாதுன்னு வச்ச பூட்டு அது. பெடல் மேல ஒரு ஸ்விட்ச்சு இருக்கு, அதுதான் லைட்டையும் எரிய வைக்கும், பூட்டுக்கும் சொல்லும். சொன்னா ஒரு கரண்ட் காயில் பூட்டோட பின்ன இழுக்கும், அந்த டிக் சத்தம் அதுதான். லைட்டு எரிஞ்சு, டிக்கும் கேட்டு, அப்பவும் நகரலன்னா லிவர்லயே பிடிப்பு. எவனாவது ரோஸ்மில்க்க கொட்டி வச்சிருப்பான், காஞ்சு பட்டன் ஒட்டிக்கிடும். உனக்கு லைட்டும் இல்ல டிக்கும் இல்ல ஹார்னும் இல்ல. ப்யூஸ் போச்சு. ஸ்டியரிங்குக்கு கீழ மூடிய கழட்டு, மூடி பின்னால எது எங்கன்னு படம் போட்டுருக்கும்

மீனா: ரோஸ்மில்க் கொட்டுனது உண்மதான் ஆனா அது வேற நாள்

இசக்கி: (படம்)

இசக்கி: இதுல நீலக் கலர் ஒண்ணு உள்ள கருகிருக்கு

சங்கரன் பெரியப்பா: நீலம் 15 ஆம்பியர். அதே நீலம்தான் போடணும். பெட்டிலயே ஸ்பேர் சொருகி வச்சிருப்பான் பாரு

முத்து மாமா: ஸ்பேர் இல்லன்னா சிகரெட் பேப்பர சுத்தி விடு, இன்னிக்கு ராத்திரிக்கு ஓடும்

சங்கரன் பெரியப்பா: வண்டியே எரியும். பச்சை 30த்த போட்டாலும் அதே கததான். ப்யூஸ் போவுதுன்னா ஒயர காப்பாத்த அது சாவுது, நீ அதையும் சாவ விடலன்னா ஒயர்தான் எரியும். இத வொர்க்ஷாப்புல வர்ற பயலுவளுக்கெல்லாம் சொல்லி சொல்லி என் தொண்டை போச்சு

நெல்லையப்பன் அத்தான்: பெரியப்பா இதோட என் சந்தேகமும் ஒண்ணு. என் கார்ல புது செட்டு போட்டதுல இருந்து எஃப்எம் இரையுது. வண்ணாரப்பேட்ட பாலத்துல மட்டும்தான் தெளிவா கேக்கு

செல்வி சித்தி: அத்தான் இப்ப இதுவா முக்கியம்

சங்கரன் பெரியப்பா: ஏரியலுக்கு உள்ள பூஸ்டர் இருக்குத வண்டியா இருக்கும். செட்டுல இருந்து ஒரு நீல வயர் அதுக்கு கரண்ட் கொடுக்கணும், மாட்டாம விட்டுருப்பான். லைட்டர் சாக்கெட்டுல சல்லிசான போன் சார்ஜர் போட்டிருந்தா அதயும் புடுங்கி பாரு, அது பக்கத்துல ரேடியோ பாடாது. மீடியம் வேவுல இன்னும் மோசம். நான் திருநெல்வேலி வானொலி 1197ல நியூஸ் கேக்கும்போது சார்ஜர சொருகுனா வண்டு குடையுத மாதிரி இருக்கும்

நெல்லையப்பன் அத்தான்: சார்ஜர்தான். எடுத்ததும் நின்னுட்டு 🙏

கார்த்தி: பெரியப்பா மீடியம் வேவ் இன்னும் கேக்கியளா

சங்கரன் பெரியப்பா: நீ பொறக்குததுக்கு முன்னாலயே கேக்கேன்

இரவு 8.52

இசக்கி: ஸ்பேர் நீலம் போட்டேன். ஹார்ன் அடிச்சுது. பிரேக்க மிதிச்சதும் பட்டுன்னு போயிட்டு

சங்கரன் பெரியப்பா: ஹார்னுக்கு போவல, பிரேக்குக்கு போவுது. அப்ப ஸ்டாப் லைட்டு லைன்ல எங்கயோ வயர் தகரத்துல உரசி ஷார்ட் ஆவுது. பின்னால புதுசா ஏதாவது மாட்டுனியா

இசக்கி: …

மீனா: டிக்கி மேல எல்இடி பட்டை. பிரேக் பிடிச்சா ஓடி ஓடி எரியும்

சங்கரன் பெரியப்பா: யாரு

மீனா: சொல்லணுமா

முத்து மாமா: ஒரே நாள்ல ஒரே கடையில போட்டது, அதுக்கு தனியா காசு கூட வாங்கல. நல்லது செஞ்சா இதுதான்

பேச்சி அத்தை: தம்பி நல்ல மனசு உனக்கு. நீ பேசாம இரு

சங்கரன் பெரியப்பா: இசக்கி, டிக்கி கீல் பக்கத்துல டார்ச் அடி. மூடி தொறக்கும்போது மடங்குத எடத்துல பாரு

இசக்கி: (படம்)

இசக்கி: ஒயர் தோல் உரிஞ்சு செம்பு தெரியுது. கீல் இரும்புல கருப்பா பொட்டு பொட்டா அடிச்சிருக்கு

சங்கரன் பெரியப்பா: அதேதான். ஒரு நாளைக்கு எத்தன தடவ டிக்கிய தொறக்கோம், அங்கன ட்யூப் போடாம ஒயர விட்டா கீலு நறுக்கிரும். அந்த பட்டை ஒயர எங்க ஜாயிண்ட் அடிச்சானோ அங்கயே பிரிச்சு டேப் போடு. கம்பெனி ஒயர வெட்டிராத

இசக்கி: ஸ்பேர் நீலம் தீந்துட்டு

சங்கரன் பெரியப்பா: லைட்டர் சாக்கெட் ப்யூஸ் 15ஆன்னு பாத்து அத எடுத்து போடு. இன்னொண்ணு, ப்யூஸ் இல்லாமலும் வண்டிய நகத்தலாம், தெரிஞ்சு வச்சுக்க. ஹேண்ட் பிரேக்க இழுத்து விட்டு, சாவி ஆன்ல வச்சு, பிரேக்க மிதிச்சுக்கிட்டு, லிவர் பக்கத்துல சின்ன மூடி இருக்கும், துணி சுத்துன ஸ்குரு டிரைவரால நெம்பி எடுத்து உள்ள அமுக்கு, லிவர் நியூட்ரலுக்கு வரும். ஆனா பிரேக் லைட்டு இல்லாம விடியக்காலம் இருட்டுல களக்காட்டு ரோட்டுல போனா பின்னால வார பஸ்காரன் என்னத்தக் கண்டான்

கார்த்தி: பாட்டரி டெர்மினல கழட்டி மாட்டுனா எல்லாம் ரீசெட் ஆகாதா

சங்கரன் பெரியப்பா: கழட்டணும்னா கருப்ப முதல்ல கழட்டி கடைசியா மாட்டணும். பூத்தத வெந்நீர்ல ஆப்ப சோடா கலந்து பழைய பிரஷ்ஷால தேய்க்கலாம். ஆனா கம்பெனி செட்டு உள்ள வண்டின்னா பாட்டரி போனதும் சிலது கோடு நம்பர் கேக்கும், திருட்டுக்கு பயந்து வச்சது. நம்பர் கார்டு மேனுவல் கூட இருக்கும். தப்புத் தப்பா அடிச்சா பூட்டிக்கிடும்

முத்து மாமா: சும்மா ஒரு டவுட்டு. ஒரு செட்டு அப்படி கோடு கேட்டு நின்னா கார்டு இல்லாம என்ன செய்ய

நெல்லையப்பன் அத்தான்: எந்த செட்டு

முத்து மாமா: பொதுவா கேக்கேன்

இசக்கி: மாமா

இசக்கி: என் வண்டி பழைய கம்பெனி செட்டு கடையில எக்ஸ்சேஞ்சுல போச்சுன்னு சொன்னியள்ல

மீனா: மாமா லோடு ஆட்டோல டேஷ்போர்டுல ஒரு செட்டு புதுசா இருக்கே. போன வாரம் வாழத்தார் எறக்க வரும்போது பாத்தேன். பாடவே இல்ல, ‘கோடு’ன்னு நின்னுச்சு

கார்த்தி: 🤣🤣🤣🤣

செல்வி சித்தி: எப்பா வயிறு வலிக்கு

முத்து மாமா: அத பத்தரமா வைக்கத்தான் மாட்டி வச்சேன்

சங்கரன் பெரியப்பா: கார்டு இசக்கிட்டதான இருக்கும். செட்டு வரட்டும், கார்டு தாரோம்

பேச்சி அத்தை: அவன் கொடுத்துருவான். எல்லாரும் சேந்து சிரிக்காதீங்க. எங்கம்மா இருந்தா இப்படி பேசுவியளா

செல்வி சித்தி: மைனி விளையாட்டுக்குத்தான். சரி பொங்கலுக்கு வெல்லம் யாரு கொண்டு வாரா, பானை என்கிட்ட இருக்கு

நெல்லையப்பன் அத்தான்: வெல்லம் போன தடவ நாங்க

செல்வி சித்தி: அதுனால

இரவு 9.31

இசக்கி: பிரேக் லைட்டு எரியுது. ஹார்ன் அடிக்கு. லிவர் டிக்குன்னு நகருது. தெருவுல ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்

சங்கரன் பெரியப்பா: செட்டு ப்யூஸ புடுங்கிட்டியா

இசக்கி: அது எங்க இருக்கு

சங்கரன் பெரியப்பா: செட்டுக்கு பின் பக்கத்துல சொருகிருக்கும், இல்ல மஞ்சள் ஒயர்ல தொங்கும். அத எடுக்காம படுத்தன்னா காலைல மறுபடியும் டிக் டிக்தான். எதுத்த வீட்டு சார்ட்ட சார்ஜர் இருந்தா ராத்திரி போட்டு வை. முழுசா ஒக்காந்த பாட்டரி ஒரு தடவ எழுந்தாலும் நம்ப முடியாது, கோயில்ல வண்டிய ஆஃப் பண்ணா அங்க எவன்ட்ட ஜம்பர் வயர் கேப்ப

மீனா: அப்ப ஆச்சி கார்லயா வேன்லயா

இசக்கி: வேன்ல படி ஏற முடியாதுல்லா அவளுக்கு

முத்து மாமா: நான் வேணா லோடு ஆட்டோல சேர் போட்டு கூட்டிட்டு வாரேன்

மீனா: வேண்டாம் மாமா

சங்கரன் பெரியப்பா: நான் விடியக்காலம் நாலுக்கு வந்து மீட்டர் வச்சு பாக்கேன். 12.4க்கு மேல நின்னா கார். இல்லன்னா என்ன செய்யன்னு அப்ப பாப்போம்

செல்வி சித்தி: அப்ப வேன்காரர்ட்ட எத்தன சீட்டுன்னு சொல்ல? 14ஆ 17ஆ. லைன்லயே இருக்காரு

இசக்கி: ஒரு அஞ்சு நிமிசம் சித்தி, செட்ட கழட்டிக்கிட்டு இருக்கேன்

செல்வி சித்தி: அட்வான்ஸ் யாரு போடுதா

(நெல்லையப்பன் அத்தான் குரல் செய்தி, 0:04)

கார்த்தி: அத்தான் வெறும் இருமல்தான் கேக்குது