சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்: கிட்டங்கிகள் இருந்த தெரு

கேள்வி (ஆற்றங்கரை):
சிங்கப்பூர் ஆற்றங்கரையான போட் கீக்குப் பின்னால் இருக்கும் மார்க்கெட் ஸ்ட்ரீட்டைப் பழைய ஆட்கள் செட்டித் தெரு என்பார்கள். இப்போது போனால் வெறும் கண்ணாடிக் கட்டடம். சந்தை எங்கே இருந்தது? கிட்டங்கி என்றால் கடையா, வீடா?

தொங்கான்:
சந்தை இந்தத் தெருவில் இல்லை. தெரு சந்தைக்குப் போனது. அதன் கடல் பக்கத்து முனையில் தெலுக் ஆயர் சந்தை இருந்தது. 1838இல் கட்டடக் கலைஞர் கோல்மன் கட்டிய எண்கோணக் கட்டடம் அது. கடலைத் தூர்த்தபோது 1879இல் இடித்துவிட்டார்கள். இன்றைய லாவ் பா சாட் உணவுச் சந்தை 1894இல் வேறு இடத்தில் எழுந்தது. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

பேரேடு:
கிட்டங்கி இரண்டும்தான்: நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித் தொழில் செய்த கடையும் அதுவே, தங்கிய வீடும் அதுவே. நீளமான ஒரே கூடம், அதில் பல விலாசங்கள், அதாவது தனித்தனி வட்டிக்கடைகள். ஒவ்வொன்றுக்கும் பாய் விரிக்கிற அளவு இடம், சாய்வான கைப்பெட்டி, பின்னால் ஒரு அலமாரி. பகலில் அங்கேயே சம்மணமிட்டுக் கணக்கு, இரவில் படுக்கை. சமையல் பொது. ஊரிலிருக்கும் முதலாளி அனுப்பிய ஏஜெண்டு பெரும்பாலும் மூன்று வருஷத் தவணைக்கு வருவார், குடும்பம் ஊரில். அவருக்குக் கீழே அடுத்தாள் என்ற உதவியாளர், கடைசியில் தொழில் பழகும் பெட்டியடிப் பையன்.

ஆறு பக்கத்தில் இருந்ததுதான் தொழிலுக்கு ஆதாரம். தொங்கான் என்ற சரக்குப் படகில் சரக்கு வந்து இறங்கியதும் வியாபாரி காசு கொடுத்தாக வேண்டும். விற்றுப் பணம் திரும்ப மாதங்கள் ஆகும். அந்த இடைவெளிக்குப் புரோநோட்டு எழுதி வாங்கிக் கடன் தந்தார்கள். வெள்ளைக்கார பேங்குகளிடமும் பணம் வாங்கி, அதற்கு மேல் வட்டி வைத்துக் கொடுத்தார்கள். சிக்கல் நிலத்தை ஈடு வாங்கியதில் வந்தது. 1930களின் மந்தத்தில் ரப்பர் விலை சரிந்ததும் மலாயாவில் கடனுக்குப் பதில் தோட்டங்கள் கைக்கு வந்தன. காசாக வர வேண்டியது மரமாக நின்றால் ஊருக்கு என்னத்தை அனுப்புவது?

ஆற்றங்கரை:
நன்றி ஐயா. எப்போது காலியானது?

அஞ்சடி:
1970களில். வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து இந்தத் தெரு அடங்கிய கோல்டன் ஷூ வட்டாரத்தை விலக்கியதும் பழைய கட்டடங்களை இடிப்பது சுலபமாகிவிட்டது. அங்கே 1984இல் வந்த கார் நிறுத்தமும் போய், இப்போது 51 மாடி கேப்பிட்டாஸ்பிரிங் நிற்கிறது. ஆற்றில் 1977இல் துப்புரவு தொடங்கியது. 1983இல் தொங்கான்களைப் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

பார்க்கப் போகிறவர்கள் ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, முதலில் போட் கீக்கு நடங்கள். 1989இல் பாதுகாக்கப்பட்ட கடைவீடுகள் ஆற்றின் வளைவோடு நிற்கின்றன. முகப்புதான் பழசு, உள்ளே மதுக்கூடம். பிறகு சூலியா ஸ்ட்ரீட்டைப் பிடித்து மார்க்கெட் ஸ்ட்ரீட். கிட்டங்கிச் சுவர் எதையும் தேடாதீர்கள், கிடைக்காது. தைப்பூசத்துக்கு முந்தின நாள் டேங்க் ரோடு செட்டியார் கோவில் தண்டாயுதபாணி வெள்ளி ரதத்தில் கியோங் சாய்க் ரோடு விநாயகர் கோவிலுக்குப் போய் வருவார். கிட்டங்கிக் காலத்தில் அந்த ரதம் இந்தத் தெருவுக்கும் வந்தது. இப்போதும் அந்த முந்தின நாளில் போனால் செட்டியார்கள் காவடியோடு நடப்பதையும் பார்க்கலாம்.