"இது நம்ம ஊர்ல நிக்காது": தியேட்டர்காரர்களோடு நமக்கு நேர்ந்தவை

பழைய ரெப், சைதாப்பேட்டை

எண்பதுகளின் கடைசியில் மீரான் சாகிப் தெருவில் ஒரு பட விநியோக அலுவலகத்தில் ரெப்பாக (விநியோகஸ்தரின் பிரதிநிதியாக) இருந்தேன். படப்பெட்டியோடு ஊருக்குப் போவது, டிக்கெட் நம்பர் சரிபார்ப்பது, தினசரி வசூல் கணக்கான டி.சி.ஆரில் கையெழுத்து வாங்கி வருவது என்று அந்த வேலை இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். உத்திரமேரூர் பக்கம் தியேட்டர் வைத்திருந்த ஒருவர் இன்றைக்கும் மனதை விட்டுப் போகவில்லை.

குட்லக் பிரிவியூ தியேட்டரில் பெரிய ஹீரோ படம் ஒன்றை ரிலீசுக்கு முன் எங்கள் ஏரியா தியேட்டர்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். முடிந்ததும் எல்லோரும் தயாரிப்பாளரின் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். இவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "தம்பி, அந்தப் பையன் அம்மாவ எதிர்த்துப் பேசிட்டு வீட்ட விட்டுப் போறான்ல? கடைசி வரைக்கும் அந்த அம்மா கால்ல அவன் விழவே இல்ல. எங்க ஊர்ல இது மூணு நாளுதான்" என்றார். எம்.ஜி. (படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தர வேண்டிய உறுதித் தொகை) தர மாட்டேன், பர்சென்டேஜ் (வசூலில் பங்கு) என்றால் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். எங்கள் முதலாளிக்குக் கோபம் வந்து பக்கத்து ஊருக்குப் படத்தைக் கொடுத்தார். அங்கே ரெப்பாகப் போனது நான்தான். ஞாயிறு ராத்திரி வரை ஹவுஸ்புல். திங்கட்கிழமை மேட்னிக்குப் பெண்கள் பக்கம் பெஞ்சில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் தலை இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். அதே மனிதர் அடுத்த வருடம் ஒரு கிராமத்துப் படத்தை வேண்டாம் என்றார். அது அதே பக்கத்து ஊரில் ஐம்பது நாள் ஓடியது. ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். கொஞ்சமும் அசராமல் "அந்த ஊர் வேற, எங்க ஊர் வேற" என்றார். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஏரிதான். அவர் சொன்னது உண்மையான கணிப்பா, தோற்றதை மறைக்கச் சொன்ன சமாதானமா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மதுராந்தகத்து மகள், குரோம்பேட்டை

ரெப் ஐயாவுக்குப் பதில் சொல்கிறேன். அது சமாதானம் இல்லை. எங்கள் அப்பா மதுராந்தகம் பக்கம் தியேட்டரை லீசுக்கு எடுத்து நடத்தியவர். ஊருக்கு ஊர் கூட்டம் மாறும் என்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான்.

அப்பா பிரிவியூவுக்கே போக மாட்டார். முதல் நாள் மேட்னி இடைவேளையில் சைக்கிள் ஸ்டாண்டில் போய் நிற்பார். அங்கே சைக்கிளுக்குத் தகர டோக்கன் கொடுப்போம். ஹேண்டில்பாரில் ஒன்று தொங்கும், அதே எண் ஆளின் கையில் இருக்கும். இடைவேளையில் டோக்கனை நீட்டுகிறவன் பாதியிலேயே வீட்டுக்குப் போகிறவன். ஸ்டாண்டு பையன் சட்டைப் பையில் கைவிட்டுத் திரும்பி வந்த டோக்கன்களை அள்ளி அப்பாவின் உள்ளங்கையில் வைப்பான். அப்பா எண்ணக்கூட மாட்டார், கையில் கனம் பார்ப்பார்.  அடுத்த படத்துக்குச் சென்னையில் சொல்லி வைக்க வேண்டுமா என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

லேடீஸ் கவுண்டரில் அம்மா உட்காருவார். கைக்குழந்தையும் தூக்குச்சட்டியுமாகக் கூட்டம் வந்தால் "இந்தப் படத்த எடுத்துடாதீங்க" என்று அப்பாவிடம் சொல்லி அனுப்புவார். தூக்குச்சட்டியோடு வருகிறவர்கள் சுற்றுப்பட்டுக் கிராமத்துக்காரர்கள். கிராமத்துக்குப் பேச்சு பரவி ஆள் வர நாலைந்து நாள் பிடிக்கும். அவர்கள் வர ஆரம்பித்தால் இரண்டாவது வாரம் உறுதி. பெரிய ஊரில் இருப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

2018-ல் தியேட்டரில் டிஜிட்டலாகப் படம் ஓட்டத் தயாரிப்பாளர்கள் கட்டும் கட்டணம் பற்றிய தகராறில் மார்ச் 1 முதல் புதுத் தமிழ்ப் படம் வராமல் நின்றதே, அப்போது அப்பாவின் நண்பர் ஒருவர் பழைய எம்.ஜி.ஆர். படம் போட்டார். எந்தப் படம் என்று தீர்மானிக்க அப்பாவைத்தான் கூப்பிட்டார். அப்பாவுக்கு அப்போது நடை தளர்ந்துவிட்டது. "இரட்டை வேஷம் இருக்கிறதப் போடு, சண்டை ஆரம்பத்துலயே வரணும்" என்று போனிலேயே சொன்னார். ஏப்ரல் நடுவில் தகராறு தீரும்வரை அவர் தியேட்டர் கதவு ஒரு நாளும் சாத்தவில்லை.

உதவி இயக்குநர், சாலிகிராமம்

எல்லோரும் தியேட்டர்காரர்களைப் புகழ்வதால் மறுபக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நான் வேலை செய்த படம் சின்னப் படம். பெயர் வேண்டாம். ஒரு வட மாவட்ட ஊரில் ஒரே ஒரு காட்சி கிடைத்தது, காலை பதினொன்றரைக்கு. வேலை நாள். போஸ்டர் பேருந்து நிலையத்தில்கூட ஒட்டப்படவில்லை. நானும் கேமராமேனும் பஸ் பிடித்துப் போனோம். கேட்டில் இருந்த மேனேஜர், "பத்து டிக்கெட்டாவது போனாத்தான் ஓட்டுவோம்" என்றார். எட்டுப் பேர் நின்றோம். அதில் இரண்டு பேர் நாங்கள். மிச்ச இரண்டு டிக்கெட்டையும் நாங்களே வாங்குகிறோம் என்று கேமராமேன் பர்சைத் திறந்தார். அவர் வாங்கவில்லை. ஷோ கேன்சல். காசு கொடுத்து வந்திருந்த ஒரு பெரியவர், "என்னப்பா, படம் நல்லாருக்கும்னு பேப்பர்ல போட்ருந்தானே" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். நாங்கள் யார் என்று அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் முதலாளியைப் பார்த்தபோது "இந்த மாதிரி படம் எங்க ஊர் ஜனங்களுக்குப் பிடிக்காது சார்" என்றார். காட்டினால்தானே பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியும்? மதுராந்தகத்து அக்கா சொல்லும் டோக்கன் கணக்கு நல்ல கணக்குதான். ஆனால் அதற்கு முதலில் சைக்கிள் ஸ்டாண்டுக்குச் சைக்கிள் வர வேண்டும். ஜனங்களின் ரசனை தனக்குத் தெரியும் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்த ஊரில் அதைச் சோதித்துப் பார்க்க வேறு வழியே இல்லாமல் போகிறது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. அந்தப் பெரியவர் முகம் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை, அம்பத்தூர்

ஆரணியில் ஒரு தியேட்டரில் பல வருடம் கணக்கு எழுதியவன் நான். ஓர் இளம் இயக்குநர் எங்கள் முதலாளியிடம் வந்து ஒரு வாரம் ஓட்டுங்கள் என்று கெஞ்சினார். முதலாளி நாள்காட்டியைத் திருப்பி "அமாவாசைக்கு ரெண்டு காட்சி தரேன், வா" என்றார். தன்னை அவமானப்படுத்துவதாக நினைத்து அந்தப் பையன் எழுந்து போய்விட்டான். தறிக்காரர்களுக்கு அமாவாசைதான் விடுமுறை, அந்த ஊரில் அதைவிட நல்ல நாள் கிடையாது என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

உதவி இயக்குநர் தம்பிக்கு சில விஷயம் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவது, நூறு ஸ்கிரீனுக்கு ஆசைப்படாதீர்கள். பத்து ஊரைத் தேர்ந்தெடுத்து அந்தப் பத்திலும் ஒருமுறை போய் நின்றுவிட்டு வாருங்கள். ஊருக்கு ஊர் காசு புழங்கும் நாள் வேறு. நெசவு ஊருக்கு அமாவாசை. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலைகளில் தொழுகை நாளான வெள்ளிக்கிழமைக்கு இருக்கும் மரியாதை வேறு. நெல் ஊர்களில் அறுவடை முடிந்து கையில் பணம் வந்த பிறகுதான் குடும்பத்தோடு படத்துக்குக் கிளம்புவார்கள். திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கம் போனால் தெலுங்குப் படமும் உங்களோடு போட்டிக்கு நிற்கும். மார்ச் மாதம் பரீட்சை, அப்போது பெண்கள் கூட்டத்தை எதிர்பார்க்கவே கூடாது.

இரண்டாவது, காலைக் காட்சியை வாங்காதீர்கள். ஒரு வாரம் முழுக்கக் காலைக் காட்சி கிடைப்பதைவிட சனி, ஞாயிறு இரண்டு நாள் சாயங்காலக் காட்சி மேல். மூன்றாவது, எம்.ஜி. கேட்காதீர்கள், பர்சென்டேஜுக்கு ஒத்துக்கொள்ளுங்கள். நஷ்டம் முழுக்கத் தன் தலையில் விழாது என்று தெரிந்தால் முதலாளியின் பேச்சே மாறும். நான்காவது, ஒலி. இதை உங்கள் ஆட்கள் யாரும் நினைப்பதே இல்லை. ஏசி இல்லாத தியேட்டரில் முப்பது நாற்பது ஃபேன் ஒன்றாகச் சுற்றும். நீங்கள் சென்னையில் நல்ல அறையில் மிக்சிங் செய்து, கதாநாயகி காதோடு காதாகப் பேசும் வசனத்தை அப்படியே விட்டுவிடுகிறீர்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தவனுக்கு அது போய்ச் சேராது. வெளியே வந்து "படம் புரியல" என்பான். முதலாளி அதையே "எங்க ஊருக்குப் பிடிக்காது" என்று உங்களிடம் சொல்வார். படம் ஓட்டும் ஆபரேட்டரிடம் முதல் நாளே போய்ப் பேசுங்கள். டீ வாங்கிக் கொடுங்கள். எந்த இடத்தில் சத்தத்தைக் கூட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

ஐந்தாவது, டிக்கெட் விலை. 2025 செப்டம்பரிலிருந்து நூறு ரூபாய் வரை உள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், முன்பு 12 இருந்தது. சின்ன ஊர்களில் டிக்கெட் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்தான் இருக்கும். வரி குறைந்த அளவுக்கு டிக்கெட் விலையையும் குறைத்து வாங்கச் சொல்லி முதலாளியிடம் கேட்டால் காது கொடுப்பார்.

தண்டையார்பேட்டைக்காரன்

இதெல்லாம் வெளியூர் கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2020-ல் மூடிய அகஸ்தியா தியேட்டருக்கு நடந்தே போய் வளர்ந்தவன் நான். எங்கள் பக்கத்தில் ஒரு தியேட்டரில் (அகஸ்தியா இல்லை, வேறு) மேனேஜராக இருந்தவர் எங்கள் தெருக்காரர். மவுண்ட் ரோடில் நூறு நாள் ஓடும் படத்தைக்கூட "நம்மாளு பாக்கமாட்டான்" என்று ஒதுக்குவார். அவர் யாரைக் கேட்பார் தெரியுமா? துறைமுகத்திலிருந்து நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை. டீக்கடையில் அவர்களோடு உட்கார்ந்துகொண்டு, எந்தப் பாட்டை முணுமுணுக்கிறார்கள் என்று கவனிப்பார். பாட்டு ஏறவில்லை என்றால் படத்தை எடுக்க மாட்டார். ஒருமுறை எங்கள் அண்ணன் ஒரு பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டு போனான். அவர் பின்னாலேயே ஓடிவந்து அவன் தோளைப் பிடித்து நிறுத்தி "இத எங்க கேட்ட, ரேடியோலயா கல்யாண வீட்லயா?" என்று கேட்டார். கல்யாண வீட்டில் என்றதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மறுநாளே அந்தப் படத்தின் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது.

கணக்குப்பிள்ளை ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனால் அந்தத் தம்பி யோசனை கேட்கவில்லையே. நடந்ததைத்தானே சொன்னார்.

உதவி இயக்குநர், சாலிகிராமம்

பரவாயில்லை அண்ணே. ஃபேன் விஷயம் எங்களுக்கு நிஜமாகவே தோன்றவில்லை. எங்கள் படத்தில் முக்கியமான வசனம் இரண்டும் கிசுகிசுப்பில்தான் வரும். அதற்காக அந்த எட்டுப் பேரைத் திருப்பி அனுப்பியது நியாயம் ஆகிவிடாது. ஃபேன் சத்தத்தில் படம் புரியவில்லை என்று சொல்லவும் முதலில் படம் ஓடியிருக்க வேண்டும்.

பழைய ரெப், சைதாப்பேட்டை

தம்பி கேட்பது நியாயமான கேள்வி. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் காலத்தில் பிரிண்ட் குறைவு. சென்னையில் ஓடி, செங்கல்பட்டில் ஓடி, அப்புறம்தான் பெட்டி உத்திரமேரூருக்குப் போகும். தியேட்டர்காரருக்கு யோசிக்க நாள் இருந்தது. பக்கத்து ஊர் நிலவரத்தை பஸ் கண்டக்டரிடம் கேட்பார், பெட்டியைத் தள்ளிப்போடுவார், சந்தேகமான படத்தை மூன்று நாள் போட்டுப் பார்ப்பார். நன்றாகப் போனால் நீட்டிப்பார். டிஜிட்டல் வந்த பிறகு சென்னையில் வரும் அதே வெள்ளிக்கிழமை அவருக்கும் படம் வந்துவிடுகிறது. திங்கட்கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. மதுராந்தகத்து அம்மா சொன்ன தூக்குச்சட்டிக் கூட்டம் கிளம்பி வருவதற்குள் அடுத்த படத்தின் போஸ்டர் ஏறிவிடுகிறது. உங்களை அனுப்பிவிட்ட அந்த மேனேஜரை நான் ஆதரிக்கவில்லை. பத்து டிக்கெட் கணக்கு காட்டியது தப்பு, அதுவும் நீங்கள் காசு கொடுக்கத் தயாராக இருந்தபோது.

கணக்குப்பிள்ளை சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். எல்லா ஊருக்கும் சாயங்காலக் காட்சி நல்லதில்லை. ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில் சாயங்கால முதல் ஆட்டம் விடுவதற்கும் கடைசி பஸ் கிளம்புவதற்கும் பத்து நிமிடம்தான் இடைவெளி. படம் கொஞ்சம் நீளம் என்றால் கிளைமாக்ஸுக்கு முன்பே கிராமத்து ஜனம் எழுந்து கதவுப் பக்கம் நின்றுகொண்டே பார்க்கும். அந்த முதலாளி ஆபரேட்டரிடம் சொல்லி இரண்டாம் பாதியில் ஒரு பாட்டை எடுத்துவிட்டுத்தான் ஓட்டுவார். பெட்டியைத் திரும்ப வாங்கும்போது ரீலில் புது ஒட்டு இருப்பதைப் பார்த்து நான் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது கியூப்பில் (டிஜிட்டல் திரையிடல்) ரீலே இல்லை, யாரும் அப்படி வெட்டி ஒட்ட முடியாது. அதனால் தம்பி, அடுத்த படத்துக்கு அந்த மாதிரி ஊர்களில் மேட்னி கேளுங்கள். முதலாளியிடம் பேசப் போகும் முன் பஸ் ஸ்டாண்டில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.