புதுப்பிப்பு: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் எழும்பூர் அருங்காட்சியகம், தி.நகர் – ஒரே நாளில் முடிந்தது

இரண்டு இடத்தையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் வெள்ளிக்கிழமை போவதாக இருந்தோம். அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்று ஒருவர் எச்சரித்தார், வியாழனுக்கு மாற்றினோம். அரை மணி நேரம் போதும் என்று நினைத்தது என் தப்பு. வெண்கலச் சிலைக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரியின் முன்னால் நின்ற அம்மா நகரவே இல்லை. கால் வலி எங்கே போனதோ!

அப்புறம் எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் மாம்பலம். அங்கே கைகொடுத்தது நீங்கள் சொன்ன ஆகாய நடைபாதை யோசனைதான். 2023-இல் திறந்தது, மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கிறது. நகரும் படிக்கட்டைப் பார்த்து அம்மா பயந்தார், லிஃப்டில் போனோம். ரங்கநாதன் தெரு நெரிசலை மேலிருந்தே வேடிக்கை பார்த்தார்.

எதிர்பாராதது ஒன்று: புடவைக் கடையில் பில் போடுவது ஒரு மாடி, பொருள் வாங்குவது வேறு மாடி. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நான்தான் ஏறி இறங்கினேன். மயிலாப்பூர் போய் டிபன் சாப்பிடலாம் என்றும் நினைத்திருந்தோம், அதற்கு நேரமில்லை. பக்கத்திலேயே இட்லி, டபராவில் காபி.