"2050-ல் சோறு இருக்காது" என்று கேட்கும் மாணவனுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: கரும்பலகை

பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் வேளாண்மைப் பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "மிஸ், 2050-ல உலகத்துல சோறே இருக்காதாம். யூடியூப்ல வருஷம் போட்டே சொல்றாங்க. அப்புறம் எதுக்குப் படிக்கணும்?" என்றான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, கண் கலங்கியிருந்தது. "அதெல்லாம் நடக்காது, உட்காரு" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து அது உறுத்துகிறது. நடக்காது என்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

இப்படி வருஷம் குறித்துச் சொன்னவை முன்பு பலித்திருக்கின்றனவா? சோதிடம் வேண்டாம். படித்தவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னவற்றைத்தான் கேட்கிறேன்.

பதில்: ஐந்து உலோகம்

பலிக்கவில்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். அமெரிக்க உயிரியலாளர் பால் எர்லிக் 1968-ல் ஒரு புத்தகம் எழுதினார். உலகத்துக்குச் சோறு போடும் போராட்டம் முடிந்துவிட்டது, 1970-களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்றார். சாகவில்லை. 1980-ல் பொருளியலாளர் ஜூலியன் சைமன் அவரோடு பந்தயம் கட்டினார். செம்பு, குரோமியம், நிக்கல், தகரம், டங்ஸ்டன் ஆகிய ஐந்தின் விலை பத்து வருடத்தில் ஏறுமா, இறங்குமா என்று. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் 1990-ல் விலை இறங்கியிருந்தது. எர்லிக் 576 டாலர் 7 சென்ட்டுக்குக் காசோலை அனுப்பினார். பயமுறுத்துகிறவர்கள் தோற்கத்தான் செய்வார்கள்.

பதில்: குறுவை

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். வேளாண்மைத் துறையில் களப்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். திருவாரூர் பக்கம். மேலே தம்பி எழுதியது சரிதான், ஆனால் பையனிடம் அதை மட்டும் சொல்லாதீர்கள். வேறு பத்து வருடத்தை எடுத்திருந்தால் அந்தப் பந்தயத்தில் எர்லிக்கே ஜெயித்திருக்கக்கூடும் என்று பிறகு கணக்குப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பதும் ஒரு குறிசொல்லல்தானே?

எர்லிக்குக்கு ஒரு வருடம் முன்பு, 1967-ல், பேடக் என்ற இரண்டு அமெரிக்கச் சகோதரர்கள் 1975-ல் பஞ்சம் என்று எழுதினார்கள். ஒருவர் வேளாண் அறிஞர், மற்றவர் தூதரகத்தில் வேலை பார்த்தவர். போர்க்களத்தில் காயம்பட்டவர்களைப் பிரிப்பார்களே, அப்படி நாடுகளைப் பிரித்தார்கள். பிழைக்க மாட்டாதவை என்ற பட்டியலில் இந்தியாவையும் எகிப்தையும் வைத்தார்கள். கோதுமை அனுப்பி வீணாக்க வேண்டாம் என்பதுதான் அதன் அர்த்தம்.

அந்தக் கோதுமையைச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை நான். எனக்கு அப்போது பத்து, பதினோரு வயது. பள்ளிக்கூடத்தில் கோதுமை ரவை உப்புமாவும் பவுடர் பாலும் கொடுப்பார்கள். அது இல்லாத ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிடிக்காது. பிழைக்க மாட்டாதவன் என்று எங்கோ ஒருவர் என்னை எழுதி வைத்திருந்தார் என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அவர்கள் பொய் சொல்லவில்லை. 1965, 66 இரண்டு வருடமும் மழை பொய்த்தது, பீகாரில் பஞ்சம், கப்பல் வந்தால்தான் சோறு. அன்றைய நிலைமையை ஒரு கோடாக வைத்து, அதை அப்படியே நீட்டிப் போட்டார்கள். அந்தக் கோட்டை வளைக்க ஆள் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கவில்லை. உணவு அமைச்சராக இருந்த நம் சி.சுப்பிரமணியம் 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை இறக்கினார். 1964-65-ல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68-ல் 1.65 கோடி டன் ஆனது. எங்கள் தஞ்சை ஜில்லாவில் குறுவைக்கு ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தது. நூற்றைந்து நாளில் அறுவடை. அதிலும் ஒரு கஷ்டம்: அறுப்பு நேரத்தில் மழை பிடித்தால் கதிரிலேயே முளைத்துவிடும். ஈர நெல்லை அம்மா சட்டியில் வறுத்து இடித்தது நினைவிருக்கிறது.

களத்தில் நெல் குவிந்தது. கூலிக்காரரான என் அப்பாவின் மரக்கால் பெரிதாகவில்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி, அதே ஜில்லாவில், கூலி உயர்த்திக் கேட்ட தகராறில் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். எர்லிக் புத்தகம் வந்த அதே வருடம். நெல் இல்லாததால் செத்தவர்கள் இல்லை அவர்கள். உலகத்தில் சோறு இருக்குமா என்று கணக்குப் போடுகிறவர்கள், யார் தட்டில் இருக்கும் என்று கேட்பதே இல்லை. எனக்கு அவர்கள்மேல் உள்ள பெரிய வருத்தம் இதுதான். "ஜனம் பெருத்துவிட்டது, நாடு அழியப் போகிறது" என்ற பயத்தை வைத்தே 1976-77-ல் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை செய்தார்கள், பலருக்குக் கட்டாயமாக. பலிக்காத குறியும் ஆளை வெட்டும் அம்மா.

இன்னொரு கணிப்பையும் பையனிடம் சொல்லுங்கள். அதுவும் 1968-தான், ஜனவரி மாதம். வாரணாசியில் நடந்த அறிவியல் மாநாட்டில் கும்பகோணத்துக்காரர் எம்.எஸ்.சுவாமிநாதன் பேசினார். புதிய விதைகளால் எல்லோரும் பூரித்திருந்த நேரம். மண்வளம் காக்காமல் பயிர் மேல் பயிர் போட்டால் நிலம் பாலையாகும், வடிகால் இல்லாமல் பாசனம் செய்தால் உவர் ஏறும், கண்டபடி மருந்தடித்தால் தானியத்தில் விஷம் தங்கும், கணக்கில்லாமல் நிலத்தடி நீரை உறிஞ்சினால் அது தீரும் என்றார். பஞ்சாபில் இன்று போய்ப் பாருங்கள். எர்லிக் "முடிந்தது" என்று முற்றுப்புள்ளி வைத்தார். இவர் "செய்தால்" என்றார். அந்த "ஆல்" விகுதிக்குள் நாம் செய்ய வேண்டியது இருக்கிறது. பையன் கேட்ட வீடியோவில் அது இருந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பதில்: ரிக் வண்டி

குறுவை ஐயா சொன்ன நிலத்தடி நீர் பற்றி ஒரு வார்த்தை. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டியில் இருபத்திரண்டு வருடமாக வேலை. கர்நாடகா, ஆந்திரா, மத்தியப் பிரதேசம் எல்லாம் போயிருக்கிறேன். சேர்ந்த புதிதில் 300 அடியில் தண்ணீர் பீய்ச்சினால் வேலை முடிந்தது. இப்போது கொங்குப் பக்கம் ஆயிரம் அடி ஓட்டியும் வெறும் புகைமண் வரும் இடங்கள் உண்டு. பக்கத்தில் நிற்கும் விவசாயி முகத்தைப் பார்க்க முடியாது, நான் கம்ப்ரசர் பக்கம் திரும்பிக்கொள்வேன். வருங்காலம் எனக்கு அடிக் கணக்கில்தான் தெரிகிறது.

கரும்பலகை

எல்லோருக்கும் நன்றி. குறுவை ஐயா, நீங்கள் எழுதியதை வகுப்பில் வாசித்தேன். உப்புமா வரியில் என் குரல் உடைந்துவிட்டது. எர்லிக் சொன்னது, சுவாமிநாதன் சொன்னது இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது உதவும் என்று கேட்டேன். பையன் உடனே ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வந்து, அவன் தாத்தா காலத்துக் கிணறு நாற்பது அடி, இப்போது வீட்டு போர் 650 அடி என்றான். கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

இப்போது ஒன்பது பிள்ளைகள் சேர்ந்து பள்ளிக்கூடக் கிணற்றில் கயிறு விட்டு, வெள்ளிக்கிழமைதோறும் நீர்மட்டத்தை நோட்டில் எழுதுகிறார்கள். ரிக் வண்டி அண்ணன், ஒரு சந்தேகம்: மோட்டார் ஓடி எவ்வளவு நேரம் கழித்து அளந்தால் சரியான மட்டம் தெரியும்?

ரிக் வண்டி

காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால் அளக்கச் சொல்லுங்கள், டீச்சர். ராத்திரி முழுக்க ஊறியிருக்கும். கயிறு நனைந்தால் நீளம் மாறிவிடும், அதற்குப் பதில் டேப்பில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி இறக்கினால் போதும்.