மஸ்டாங் ஜிடி கால் மைல 12.34 செகண்டுல ஓடுது, 11.5க்கு இறக்கணும், அடுத்து எதுல காசு போடலாம்?

ஹூஸ்டன்_கொயோட்:
வணக்கம் மக்களே. கார் 2019 மஸ்டாங் ஜிடி, 5 லிட்டர் கொயோட் இன்ஜின், 10 ஸ்பீடு ஆட்டோ, பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் வண்டி, அதனால பின்னாடி 3.55 கியர், 275 மிமீ அகல 19 இஞ்ச் டயர். இதுவரைக்கும் நான் போட்டது கோல்ட் ஏர் இன்டேக்கும், கேடலிடிக் கன்வெர்ட்டருக்கு (புகைய சுத்தம் பண்ற பாகம்) பின்னாடி வர்ற எக்ஸாஸ்ட்டும்தான். இங்க ஹூஸ்டன் பக்கத்துல பேடவுன்ல இருந்த டிராக் ரேஸ் ஸ்ட்ரிப்ப 2023ல மூடிட்டாங்க, இப்ப ஓடணும்னா எனிஸ்ல இருக்கற டெக்சாஸ் மோட்டார்ப்ளெக்ஸ் வரைக்கும் 200 மைலுக்கு மேல ஓட்டிட்டுப் போகணும், ஒரு ராத்திரிக்கு நாலு ரன் கிடைச்சாலே பெருசு, அதனால ஒவ்வொண்ணா வாங்கி மாட்டிப் பாத்து கத்துக்கற வசதி எனக்கு இல்ல.

ஜூலைல ஓடுன பெஸ்ட் ஸ்லிப் (ரன் முடிஞ்சதும் தர்ற நேரச் சீட்டு): முதல் 60 அடி 2.09 செகண்டு, எட்டுல ஒரு பங்கு மைல் 8.02 செகண்டு @ 91.2 மைல் வேகம், கால் மைல் 12.34 @ 115.3. டென்சிட்டி ஆல்டிட்யூட் (காத்து எவ்வளவு லேசா இருக்குன்னு உயரக் கணக்குல சொல்றது, கூடுனா இன்ஜின் பலம் குறையும்) 3200 அடி காட்டுச்சு.

ஒரு கடையில கேட்டேன், சூப்பர்சார்ஜர் போட்டா ஒரே அடியா முடிஞ்சுதுன்னு ஃபிட்டிங்கோட சேத்து 11,000 டாலர் சொன்னாங்க. போடலாமா? இன்னொண்ணு, 11.49க்கு கீழ ஓடுனா ரோல் பார் (வண்டி கவுந்தா ஆளக் காப்பாத்த உள்ள வைக்கற இரும்புச் சட்டம்) கேப்பாங்களாமே? இது நான் தினம் ஆபீசுக்கு ஓட்டற வண்டி, பின் சீட்ல பசங்க உக்காருவாங்க, பார் எல்லாம் வைக்க முடியாது.

பழைய_ஃபாக்ஸ்பாடி:
தம்பி, பணத்த எடுத்து உள்ள வைங்க முதல்ல. ஸ்லிப்புல ரெண்டு நம்பர தனித்தனியா பாக்கணும். கடைசில வர்ற ஸ்பீடு இன்ஜின் எவ்வளவு பலமா இருக்குன்னு சொல்லும், 60 அடி டயர் எவ்வளவு பிடிச்சுதுன்னு சொல்லும். அந்தச் சூட்டுல 115 மைல் வந்திருக்குன்னா உங்க இன்ஜின்ல ஒரு குறையும் இல்ல. ஆனா 2.09 ரொம்ப அதிகம், இந்த வண்டி 1.75 போகணும். 60 அடில பத்துல ஒரு செகண்ட் மிச்சம் பிடிச்சா கோட்டுல ஒண்ணரை மடங்கா திரும்பக் கிடைக்கும், கணக்கு போட்டுப் பாருங்க, அங்கயே அரை செகண்டு தூங்குது. 460 குதிரையவே தரைல இறக்க முடியாத டயர்ல 700 குதிரைய இறக்குனா புகைதான் வரும்.

கியர்_ரத்தினம்:
ப்ரோ 4.09 கியர் போடுங்க, எங்க மாமா பையன் 2013 மேனுவல் ஜிடில போட்டான், வண்டி துள்ளிக்கிட்டு கிளம்புது

பழைய_ஃபாக்ஸ்பாடி:
அது மேனுவல் வண்டி ரத்தினம், கதையே வேற. இந்த 10 ஸ்பீடு பாக்ஸ்ல முதல் கியர் 4.70, அத 3.55ஆல பெருக்குனா 16.7 வருது, ஏற்கனவே வேண்டியதுக்கு மேல இருக்கு. அதுக்கும் மேல கியர ஏத்துனா இன்னும் சீக்கிரமா சக்கரம் சுத்தும், அவ்வளவுதான்.

ஹூஸ்டன்_கொயோட்:
புரியுது அண்ணா. ஆனா டயர சூடு பண்ணிட்டுத்தான் போனேன், லைன் லாக் போட்டு (முன் பிரேக்க மட்டும் பிடிச்சு வைக்கறது) தண்ணில நல்லா புகை வர்ற வரைக்கும் சுத்தினேன், அப்படியும் வழுக்குச்சு. நண்பன் எடுத்த வீடியோவ மேல போட்டிருக்கேன் பாருங்க.

ஸ்டேஜிங்_லேன்:
வீடியோவ மூணு தடவ பாத்தேன். 0:41ல நிறுத்திட்டு பின் சக்கரத்துக்கு மேல பாருங்க, நீங்க ஸ்டேஜ் பண்ணி நிக்கறீங்க, வீல் வளைவுக்குள்ள இருந்து தண்ணி சொட்டு சொட்டா டயருக்கு முன்னாடி விழுது. ரோட்டு டயர்ல காடி காடியா இருக்குல்ல, தண்ணிக்குள்ள விட்டு சுத்துனா அது மொத்தத்தையும் அள்ளி ஃபெண்டர் உள்ள அடிச்சு வச்சுக்கும், அப்பறம் ஸ்டார்ட் லைன்லயே கொட்டும். உங்களுக்கு மட்டும் இல்ல பின்னாடி வர்ற ஆளுக்கும் அது ஆபத்து. ரோட்டு டயர்னா தண்ணிய சுத்திப் போகணும், காய்ஞ்ச இடத்துல ஒரு சின்ன சுத்து சுத்தி மேல இருக்கற மண்ண தட்டிவிட்டா போதும்.

சரி, வாங்க வேண்டியது: 17 இஞ்ச் வீல், 305 மிமீ அகல டிராக் ரேடியல் (டிராக் ரேஸுக்குன்னே வர்ற, நல்லா ஒட்டற டயர்) ஒரு ஜோடி. வாங்கறதுக்கு முன்னாடி உங்க பிரேக் காலிப்பர் உள்ள இடிக்காம நிக்குதான்னு மாட்டிப் பாத்துட்டு வாங்குங்க. காத்து 20 பிஎஸ்ஐல ஆரம்பிச்சு ஒவ்வொரு ரன்னுக்கும் ஒண்ணு ஒண்ணா குறைச்சு எழுதி வைங்க. டிராக் ஸ்ட்ரிப் மோட் போட்டீங்களா? 2018லருந்து இந்த கியர்பாக்ஸோட வருது, ஷிஃப்ட் நடுவுல இழுவை விடாம வச்சுக்கும், அத விட்டுட்டு நார்மல்ல ஓடறவங்க நிறைய பேர் இருக்காங்க.

பழைய_ஃபாக்ஸ்பாடி:
நான் சொல்ல மறந்தது, டயர் ஒட்ட ஆரம்பிச்சா அடுத்த பிரச்சனை வீல் ஹாப். பின் சஸ்பென்ஷன் தனித்தனி சக்கரமா இருக்கறதால அத தாங்கற முழு க்ரேடிலும் (பின்னாடி இருக்கற இரும்புச் சட்டம்) ரப்பர் புஷ்ல ஆடும், தடதடன்னு உதறும், அந்த உதறல்லதான் ஆக்சில் உடையறது. அப்படி வந்தா கால உடனே எடுத்துருங்க, சமாளிச்சு ஓட்டிறலாம்னு நினைக்காதீங்க. க்ரேடில ஆடாம பிடிச்சு வைக்கற லாக்அவுட் கிட் இருக்கு, விலை கம்மி, பவர் பார்ட்ஸுக்கு முன்னாடி அது.

ஈ85_குமரேசன்:
அதுக்கு அப்பறம்தான் ட்யூன் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்தறது), அதுலயும் எத்தனால் கலந்த ஈ85 பெட்ரோலுக்கான ட்யூன். இந்த இன்ஜின் கம்ப்ரெஷன் 12க்கு 1, எத்தனால் ஊத்துனா இக்னிஷன் டைமிங்க தாராளமா ஏத்தலாம், சூட்டுலயும் நாக் (எரிபொருள் தப்பான நேரத்துல வெடிக்கறது) பயம் குறைவு. ஒரு விஷயம், பங்க்ல ஈ85ன்னு எழுதியிருந்தாலும் உள்ள எத்தனால் 51லருந்து 83 சதவீதம் வரைக்கும் மாறும், சோதிக்கற ட்யூப் சின்னதா கிடைக்குது, ஒண்ணு வண்டில வைங்க. மைலேஜ் நல்லாவே இறங்கும். கேடலிடிக் கன்வெர்ட்டர வெட்டி எடுத்துட்டு மாட்டற ஹெடர்ஸ் (எக்ஸாஸ்ட் குழாய்) மட்டும் வேணாம் நண்பா, டெக்சாஸ்ல 2025லருந்து சேஃப்டி இன்ஸ்பெக்ஷன்தான் எடுத்தாங்க, ஹூஸ்டன் இருக்கற ஹாரிஸ் கவுன்ட்டில எமிஷன் டெஸ்ட் இன்னும் இருக்கு.

சூப்பர்சார்ஜர் என்னைக்காவது போட்டா ஆயில் பம்ப் கியர மாத்தாம போடாதீங்க. கம்பெனி கியர் பவுடர் மெட்டல், ஆர்பிஎம் லிமிட்டர்ல அடிச்சா நொறுங்கி இன்ஜினே போயிடும். அந்த 11,000 டாலர்ல இது சேந்திருக்கான்னு கேட்டுப் பாருங்க.

ஸ்டேஜிங்_லேன்:
ரோல் பார் கேட்டீங்களே, 11.49 பழைய வண்டிகளுக்கு. என்எச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பு) விதிப்படி 2008லருந்து வந்த வண்டி, ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் கம்பெனி வச்சபடி வேலை செஞ்சா 10.00 வரைக்கும், 135 மைலுக்குள்ள பார் இல்லாம ஓடலாம். 13.99க்கு கீழ எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

ஹூஸ்டன்_கொயோட் (நவம்பர்):
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வீலும் ரேடியலும் மட்டும் மாத்தினேன், வேற எதையும் தொடல. நேத்து ராத்திரி நல்ல குளிர், டென்சிட்டி ஆல்டிட்யூட் 400 அடிதான் காட்டுச்சு. முதல் ரன் 20 காத்துல 60 அடி 1.86, மூணாவது 18ல 60 அடி 1.74, கால் மைல் 11.62 @ 117.9. ஸ்லிப்ப வாங்கிட்டு வண்டிய ஓரமா நிறுத்தி ரொம்ப நேரம் கையில வச்சு பாத்துக்கிட்டே இருந்தேன். ஆனா நாலாவது ரன் 17ல விட்டப்ப அண்ணா சொன்ன அதே தடதட, உடனே கால எடுத்துட்டேன். லாக்அவுட் கிட் ஆர்டர் போட்டாச்சு, அத நானே வீட்ல ஜாக்ல தூக்கி மாட்டிடலாமா, இல்ல லிஃப்ட் வேணுமா?

பழைய_ஃபாக்ஸ்பாடி:
11.62! சந்தோஷம் தம்பி. ஜாக் ஸ்டாண்ட் நாலு இருந்தா வீட்லயே பண்ணலாம், க்ரேடில முழுசா இறக்க வேண்டாம், ஒரு ஒரு போல்ட்டா கழட்டி மாட்டுங்க. டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்கறோம்னு அளக்கற ஸ்பேனர்) இல்லாம மட்டும் இறுக்காதீங்க.