குழாய் போட்டபின் சிறுநீரில் இரத்தம்: உங்கள் வீட்டிலும் நேர்ந்ததுண்டா?

ஈசூன் மகள்:
தீபாவளிக்கு மறுநாள் அப்பாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. புராஸ்டேட் வீக்கம் முன்பே உண்டு. சளிக்கு அவர் போட்டுக்கொண்ட மாத்திரை அடைப்பைத் தூண்டியிருக்கலாம் என்றார் மருத்துவர். அவசரப் பிரிவில் தாதி குழாயைச் செருகியதும் 1,100 மில்லிலிட்டர் இறங்கியது; அப்பாவின் முகம் தெளிந்தது. சற்று நேரத்தில் பையில் விழுந்த சிறுநீர் ரோஸ் சிரப் கரைத்த தண்ணீரைப் போலச் சிவந்தது. "எங்கே குத்தினீர்கள்?" என்று எல்லார் முன்னிலையிலும் அந்தத் தாதியிடம் சத்தம் போட்டேன். அவர் பதில் பேசாமல் அப்பாவின் இரத்த அழுத்தத்தை இரண்டாம் முறையாக அளந்தார். அவர் முகம் இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

உட்லண்ட்ஸ் ஓட்டுநர்:
எனக்கு 2009இல் அடைத்தது. ஒவ்வொரு 500 மில்லிலிட்டருக்கும் குழாயைக் கவ்வியால் இறுக்கி, இடைவெளி விட்டுத்தான் இறக்கினார்கள். ஒரு துளி இரத்தம்கூட வரவில்லை. உங்கள் தந்தைக்கு ஒரேயடியாகத் திறந்துவிட்டதே தவறு என்பது என் கருத்து. நீங்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

ஓய்வுபெற்ற தாதி, தோ பாயோ:
ஓட்டுநர் ஐயா சொல்வதை நான் ஏற்கவில்லை. நானும் பல ஆண்டுகள் கவ்வி போட்டவள்தான். ஒரு முதியவர் அந்த இடைவெளியில் வலி தாளாமல் என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, "திறந்துவிடம்மா" என்று கெஞ்சினார். வழக்கப்படி காத்திருக்க வைத்தேன். இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், மெதுவாக இறக்குவதால் இரத்தக்கசிவு குறைவதாகத் தெரியவில்லை என்பதைப் பின்னர்தான் படித்தேன்.

கசிவுக்குக் காரணம் சிறுநீர்ப்பையின் சுவரிலேயே இருக்கிறது. உள் இடுப்புத் தமனியின் கிளைகளிலிருந்து வரும் சிறு இரத்தக்குழாய்கள், பை காலியாக இருக்கும்போது சுருண்டு கிடக்கின்றன. பை நிரம்ப நிரம்ப அச்சுருள்கள் அவிழ்ந்து நீள்வதால், சுவர் விரிந்தாலும் ஓட்டம் பெரிதும் குறைவதில்லை. தாமாகவே இயங்கும் பரிவு நரம்புகள் விடுக்கும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் இந்த இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. அவற்றின் உட்படலம் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு தளர்த்துகிறது. ஆனால் 400, 500 மில்லிலிட்டர் கொள்ளும் பையில் அதைப்போல் இரு மடங்கு தேங்கினால், அவிழ்வதற்குச் சுருள் மிஞ்சாது. உள்ளழுத்தமும் சுவரின் இழுவையும் சேர்ந்து குழாய்களை நெரிக்க, திசு இரத்தமின்றித் தவிக்கிறது. பை காலியானதும் தடைபட்ட இரத்தம் முன்பிருந்த அளவையும் மீறிப் பாய்கிறது. நலிந்த குழாய்கள் கசிவது அப்போதுதான். பெரும்பாலும் அது தானே நின்றுவிடும்.

சகோதரி, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். இனி சளி மருந்து வாங்கும்போது புராஸ்டேட் வீக்கம் இருப்பதை மருந்தாளரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மீண்டும் அடைத்தால் பலதுறை மருந்தகம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். குழாய் போட்டபின் இரத்தக்கட்டிகள் வந்தாலோ சிறுநீர் இறங்குவது நின்றாலோ உடனே தெரிவியுங்கள். தேங்கியது வெளியேறியபின் சிலருக்கு இரத்த அழுத்தம் சரியும், சிலருக்குச் சிறுநீர் மணிக்கணக்கில் அளவுக்கு மீறிப் பிரியும். ஆகவே முதல் சில மணி நேரம் இரண்டையும் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஈசூன் மகள்:
அக்கா, அந்தத் தாதி ஏன் இரண்டாம் முறை இரத்த அழுத்தத்தை அளந்தார் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அப்பாவுக்கு அடுத்த வாரம் அதே மருத்துவமனையில் மறுபரிசோதனை இருக்கிறது. அவசரப் பிரிவுக்குப் போய் அந்தத் தாதியைத் தேடிப்பார்க்கப் போகிறேன்.